லிஃப்ட் அண்ணனின் நாலாவது பேச்சு

கதவு திறந்தாலும் அவர் உடனே ஏறுவதில்லை. ஒரு கையால் கதவை மறித்துக்கொண்டு தலையை மட்டும் உள்ளே நீட்டுகிறார். கூரையைப் பார்க்கிறார், பக்கச் சுவரில் காதை வைக்கிறார், இரண்டு முறை மோந்து பார்க்கிறார். பிறகு வெளியே நிற்கும் எங்களிடம், "எதுக்கும் ஒரு தடவை நான் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாக ஏறிப் போகிறார். ஏழு மாடியிலும் நின்று நின்று போய்த் திரும்ப ஆறு நிமிடம் ஆகும். காய்கறிப் பையோடும் கைக்குழந்தையோடும் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். திரும்பி வந்ததும் கதவை விரியத் திறந்துவைத்து, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி "வாங்க, வாங்க" என்பார்.

எங்கள் குடியிருப்பையும் சேர்த்துப் பதினொரு கட்டிடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. இருபத்தாறு வருட வேலை. வயது ஐம்பத்து மூன்று. குட்டை உருவம், அகலத் தோள். வலது ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. அதை ஒரு கதவு வாங்கிக்கொண்டது. சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு டார்ச், ஒரு ஜெபமாலை. மூன்றிலும் ஒரே கிரீஸ். இரண்டு கைக்கும் வேலை இருக்கும்போது டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்வார்; அப்போது கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் "ம்ம்"தான். எந்த "ம்ம்" ஆமாம், எந்த "ம்ம்" இல்லை என்பது எங்கள் வாட்ச்மேனுக்கு மட்டும் தெரியும்.

யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஓடுவார். அங்கிருந்து கீழே குரல் கொடுப்பார்: "பயப்படாதீங்க, மேலே நான் இருக்கேன்." ஒருமுறை மூன்றாம் மாடி வக்கீல் இருட்டில் மாட்டிக்கொண்டார். குரல் எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாமல், அவர் தம் பாவங்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். இவர் கயிற்றைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என்னென்ன சொன்னார் என்று எத்தனையோ முறை கிண்டிப் பார்த்துவிட்டேன், வாயைத் திறக்கவில்லை.

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் அவருக்குப் பெயர் லிஃப்ட் அண்ணன். அவரை விட வயதில் மூத்தவர்களுக்கும் அண்ணன்தான். அங்கே அவர் பிரபலமானது லிஃப்டினால் இல்லை, நாலாவது பேச்சினால்.

அதைச் சொல்வதற்கு முன் 'மூணு நாள்' பற்றிச் சொல்ல வேண்டும். பங்கில் ஒரு புதுப்பித்தல் இயக்கம் இருக்கிறது. அதற்கு ஒரு நீளமான பெயர் பதாகையில் எழுதியிருக்கும். வாயால் யாரும் சொன்னதில்லை. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மாலை முடிகிற தியானம் என்பதால் மூணு நாள். வருடத்தில் ஆண்களுக்கு இரண்டு தடவை, பெண்களுக்கு இரண்டு தடவை. நடத்துகிறவர்கள் சாமியார்கள் அல்ல, நம் ஆட்கள். ஃபாதர் பூசை வைப்பார், தனித்தனியாகப் பாவத்தைச் சொல்ல வருகிறவர்களிடம் பாவசங்கீர்த்தனம் கேட்பார், மற்ற நேரம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். எழுந்து பேசுவது பிளம்பர், டிரைவர், பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிறு பூசைக்கு வந்து தூணுக்குப் பின்னால் நின்று, பிரசங்கம் நீண்டால் நைசாக நழுவுகிற ஆண்களை உள்ளே இழுப்பதுதான் நோக்கம். நானும் தூணுக்குப் பின்னால் நின்றவன்தான்.

வெள்ளி மாலை வந்தவுடன் முதல் காரியம், எல்லாரும் கைக்கடிகாரத்தையும் கைப்பேசியையும் கழற்றி ஒரு நீலத் துணிப் பையில் போட்டுவிட வேண்டும். நேரத்தை மறந்தால்தான் மனுஷனுக்குத் தன் நினைப்பு வரும் என்பது கொள்கை. பையைக் காப்பதும், பேச்சாளர்களுக்கு நேரம் பார்த்து மணி தட்டுவதும் என் பொறுப்பு. ஒரு பேச்சுக்கு இருபது நிமிடம். பதினெட்டில் ஒரு தட்டு, இருபதில் இரண்டு. ஐம்பது பேர் இருக்கிற கட்டிடத்தில் மணி என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு.

மொத்தம் ஒன்பது பேச்சு. நாலாவது, சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லாருக்கும் கண் சொருகுகிற நேரத்தில் வரும். பெயர் சாட்சிப் பேச்சு. பதினொரு வருடமாக அது லிஃப்ட் அண்ணனுடையது. இருபத்திரண்டு முறை பேசியிருக்கிறார். ஒருவர்கூடத் தூங்கியதில்லை.

கதை இதுதான். அந்தக் காலத்தில் அவர் குடித்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை. வியாழக்கிழமைகளில் இரவு எட்டு வரை. அன்று மட்டும் ஆறு வயது மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது இவர் பொறுப்பு. ஒரு வியாழன், நாலு மணிக்குப் பள்ளி விட்டது. இவர் எங்கோ விழுந்து கிடந்தார். மழை பிடித்துக்கொண்டது. குழந்தை கேட்டில் நனைந்துகொண்டு நின்றது. ஆறேகாலுக்கு இவருக்குத் திடுக்கென்று விழிப்பு வந்தது. ஓடினார். கேட்டில் அவளைப் பார்த்ததும் சேற்றில் மண்டியிட்டார். குழந்தை, "நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா" என்றது. அந்த இடத்தில் என்னுடைய பதினெட்டாவது நிமிடத் தட்டு விழும். மணிக்கும் மண்டியிடுவதற்கும் அப்படி ஒரு பொருத்தம் அமைந்துபோயிருந்தது.

கைக்குட்டைகள் வெளியே வரும். இயக்கத்தின் பொறுப்பாளர் ஒரு நாற்காலிக் கடைக்காரர். கூடத்து நாற்காலிகளும் அவர் கடையுடையவைதான். "நாலாவது பேச்சு முடிஞ்சாத்தான் சார் பாவசங்கீர்த்தனத்துக்குக் கியூ நிக்கும்" என்பார். பொய்யில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுக் குடியை விட்ட ஒரு பஸ் டிரைவரை எனக்குத் தெரியும், ஒன்பது வருடம் ஆகிறது. பிரிந்துபோன மகனைத் தேடிப் போன ஒருவரையும் தெரியும். லிஃப்ட் அண்ணனும் அந்தப் பதினொரு வருடத்தில் ஒரு சொட்டு தொடவில்லை.

மூணு நாளில் இன்னொரு விதி உண்டு. உள்ளே கேட்டது வெளியே போகக் கூடாது. நம் ஆட்கள் அதை ஒழுங்காகவே காப்பாற்றினார்கள். ஆனால் கண்ணுக்கு யார் பூட்டுப் போடுவது? ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் இறங்கும்போது, முன்பின் தெரியாத மாமாக்கள் லிஃப்ட் அண்ணனின் மகளைப் பார்த்ததும் நிற்பார்கள், தலையைத் தடவுவார்கள், கண் கலங்குவார்கள், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார்கள். சிலர் மிட்டாய் கொடுப்பார்கள். எட்டு வயதிலிருந்து அந்தப் பெண் இப்படித்தான் வளர்ந்தாள். பின்னால் என்னிடம் சொன்னாள்: "எனக்கு ஏதோ பெரிய வியாதி, வீட்டுல மறைக்கறாங்கன்னு ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன் அங்கிள்."

இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் வேலை. போன முறை ஆண்களுக்கான மூணு நாள் நடந்தபோது, சமையல் குழுவில் ஆள் குறைந்ததால் முதல் தடவையாக வந்தாள். சமையல் குழுவினர் கண்ணில் படாமல் வேலை செய்ய வேண்டும். தட்டுகள் மட்டும் சுவரில் உள்ள ஒரு சின்ன ஜன்னல் வழியாகக் கூடத்துக்கு வரும். பேச்சு நடக்கும்போது ஜன்னல் பலகையைச் சாத்திவிடுவார்கள், ஆனால் சத்தம் சாத்துமா? வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் நாலாவது பேச்சை முழுசாகக் கேட்டாள்.

அடுத்த வாரம் என் அலுவலகத்துக்கு வந்தாள். நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், நேராகக் கேட்டாள்:

"அங்கிள், அப்பா அன்னிக்கு வரவே இல்லை. பெரியம்மாதான் வந்தாங்க. ஏன் வந்தேன்னு சொல்றார்?"

அவளே சொன்னாள். அன்றைக்கு மழை இல்லை, நல்ல வெயில். அவள் அழவும் இல்லை. பள்ளி வாட்ச்மேன் தன் ஸ்டூலைக் கொடுத்து, சாவிக் கொத்தைக் கையில் கொடுத்து, எத்தனை சாவி என்று எண்ணச் சொன்னாராம். நாற்பத்தொன்று. நாலு தடவை எண்ணினாளாம். "எனக்கு ஒண்ணுக்கு வந்துச்சு அங்கிள். வாட்ச்மேன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அன்னிக்கு எனக்குப் பெரிய கஷ்டமே அதுதான். அதை யாராவது சொல்றாங்களா?" கடைசியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சொல்லாமல் இருக்கச் சொல்லுங்கள்.

அவள் போன பிறகு வீட்டுக்கு வந்து பழைய காகிதக் கட்டுகளைப் பிரித்தேன். என் தொழிலில் எந்தக் காகிதத்தையும் எறிகிற பழக்கம் கிடையாது. லிஃப்ட் அண்ணன் முதல் முதலாக எழுதிக் கொண்டுவந்த பேச்சு அங்கே இருந்தது, கோடு போட்ட தாளில், கிரீஸ் கைரேகையோடு. "நான் போகலை. பொண்ணோட பெரியம்மா போய்க் கூட்டிட்டு வந்தாங்க. எனக்கு மறுநாள்தான் தெரியும்." அவ்வளவுதான் எழுதியிருந்தார். அதன் பக்கத்தில், சிவப்பு மையில், என் கையெழுத்து: "மாலை. மழை தூறிக்கொண்டிருந்தது."

எப்படி நடந்தது என்பது இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு மூணு நாளுக்கும் முன்னால், இரண்டு மாதம், செவ்வாய்க்கிழமைகளில் கோயில் அலுவலகத்தின் பின்னறையில் ஒத்திகை நடக்கும். பேச்சாளர் வாசிப்பார், மற்றவர்கள் குறை சொல்வார்கள். இவர் வாசித்தது ஏழு நிமிடத்தில் முடிந்துபோனது. 'கொஞ்சம் காட்சி வேணும்' என்றார் நாற்காலிக் கடைக்காரர். எழுதத் தெரிந்தவன் என்று என்னிடம் கொடுத்தார்கள். எனக்கும் கை பரபரத்தது. மழையைச் சேர்த்தேன், நனைகிற புத்தகப் பையைச் சேர்த்தேன். பெரியம்மாவை எடுத்துவிட்டு, 'அந்த நிமிடமே ஓடிப்போயிருக்கக் கூடாதா, அவள் காலடியில் மண்டியிட்டிருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது' என்று எழுதினேன். இரண்டு வருடம் அப்படியே வாசித்தார். மூன்றாம் வருடம் காகிதம் இல்லாமல் பேசினார். "ஓடினேன். மண்டி போட்டேன்" என்றார். எனக்கு அது காதில் விழுந்தது. கூடம் முழுக்கக் கைக்குட்டையோடு இருந்தபோது எழுந்து திருத்த எனக்கென்ன பைத்தியமா என்று மணியைத் தட்டினேன். ஊரார் பிழையையெல்லாம் திருத்திச் சம்பளம் வாங்குகிறவன் செய்த வேலை இது. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் உட்காரவைத்தார். மனைவி ஒரு ஓரமாகத் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் அண்ணன் கண்ணாடி போட்டு, தாளை விளக்குக்கு நேராகப் பிடித்து, உதடு அசைய வாசித்தார். யார் எழுதியது என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். நம்பாமல் மறுபடி வாசித்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நான் போனேன்ல?"

மனைவி தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நீங்க போகலைங்க. அக்காதான் போச்சு."

"அப்ப இத்தனை வருஷம் நீ ஏன் சொல்லலை?"

"குடிக்காம இருக்கீங்கல்ல. மழை பெஞ்சா பெஞ்சுட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்."

அவர் எழுந்தார். அலமாரியிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துப் போய் வாசல் கதவுக் கீல்களுக்கு ஒவ்வொன்றாக எண்ணெய் விட்டார். அந்தக் கீல்கள் எந்தச் சத்தமும் போடவில்லை. நான் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

அதன்பின் ஆறு மாதம் அந்த வீட்டில் மகள் அப்பாவோடு பேசவில்லை. சண்டை இல்லை, சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்டால் நகர்த்துவாள். அவ்வளவுதான். அவர் வேலையில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் லிஃப்டில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை போய் வர ஆரம்பித்தார், அதை மட்டும் கவனித்தேன்.

ஒரு நாள் மொட்டை மாடிக்கு அவரைத் தேடிப் போனேன். மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து பிரேக் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். டார்ச் வாயில் இல்லை. பேச வேண்டும் என்று இருந்திருக்கிறது போலும். தாளில் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் மழையும் சேறும் தம் கண்ணில் அப்படியே நிற்கின்றன, முழங்காலில் ஈரம் பட்டதுகூடத் தெரிகிறது என்றார். சொல்லிக்கொண்டே முழங்காலைத் தடவினார்.

"குடிக்கணும்னு தோணறப்பல்லாம் அதைத்தான் நினைச்சுக்குவேன் சார். மண்டி போட்டவன் திரும்ப எப்படிக் குடிப்பான்னு கேட்டுக்குவேன். இப்ப மண்டியே போடலைன்னா, நான் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது?"

எனக்குப் பயமாக இருந்தது. என் சிவப்பு மையைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் பதினொரு வருடம் நின்றிருக்கிறார். அதை நானே போய்ப் பிடுங்கிவிட்டேன். கீழே இறங்கும்போது லிஃப்டில் போக மனம் வரவில்லை, படியில் இறங்கினேன்.

ஒத்திகை வந்தது. அவர் முறை வந்ததும், இந்தத் தடவை தம்மை விட்டுவிடும்படி கேட்டார். நாற்காலிக் கடைக்காரர் காரணம் கேட்டார், இவர் காரணத்தைச் சொன்னார். நாற்காலிக் கடைக்காரர் கெட்டவர் இல்லை. கையில் நன்றாக ஓடுகிற சரக்கை விட மனசில்லாதவர். பஸ் டிரைவரைச் சொன்னார், மகனைத் தேடிப் போனவரைச் சொன்னார். பத்துப் பேர் கரையேறிய கதையில் ஒரு தூறல் கூடக் குறைய இருந்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டார். லிஃப்ட் அண்ணன் நகமில்லாத விரலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"தேய்ஞ்ச கயிறும் லிஃப்டை இழுக்கத்தான் செய்யும் சார். அதுக்காகத் தெரிஞ்சே ஆளை ஏத்த முடியுமா?"

மூலையில் உட்கார்ந்திருந்த ஃபாதர் அப்போதுதான் வாயைத் திறந்தார். பேசாமல் இருந்தால் பழைய பேச்சுத்தான் எல்லார் மனதிலும் நிற்கும், அதனால் பேசாமல் இருக்கவும் முடியாது போலிருக்கிறதே என்றார். இது புத்திமதி மாதிரிச் சொல்லப்படவில்லை, அவருக்கே குழப்பமாகத்தான் இருந்தது. எதுவும் முடிவாகாமல் எல்லாரும் கலைந்தோம். அட்டவணையில் நாலாவது பேச்சுக்கு நேராக அவர் பெயரையே விட்டுவைத்தார்கள்.

சனிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து முப்பத்தோரு ஆண்கள் வயிறு நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். சமையல் குழுவில் மகள் மறுபடியும் வந்திருந்தாள். அவளாகவே கேட்டு வந்தாள் என்று பிறகு அறிந்தேன். நாலாவது பேச்சுக்கு முன் யாரோ ஜன்னல் பலகையைச் சாத்தினார்கள். சற்று நேரத்தில் அது உள்ளேயிருந்து நாலு விரல் அளவு திறந்தது. லிஃப்ட் அண்ணன் எழுந்து முன்னால் போனார். கையில் காகிதம் இல்லை. நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

குடியைப் பற்றி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். வியாழக்கிழமைக்கு வந்தார். பள்ளி நாலு மணிக்கு விட்டது என்றார். அங்கே நிறுத்திவிட்டார். நிறுத்தியது எவ்வளவு நேரம் என்றால், முன்வரிசையில் கண் சொருகிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு மழையா வெயிலான்னு எனக்குத் தெரியாது. ஏன்னா நான் அங்க இல்லை. பொண்ணு ரெண்டேகால் மணி நேரம் நின்னுச்சு. நான் போகலை. அவ பெரியம்மா போய்க் கூட்டிட்டு வந்தாங்க. எனக்கு மறுநாள்தான் சொன்னாங்க. கேட்டுட்டு அன்னிக்கும் குடிச்சேன். இங்க வந்து நின்னு, போனேன் போனேன்னு பதினோரு வருஷமாச் சொல்லிட்டு இருந்திருக்கேன். போகலை. இதைப் பிடிச்சுக்கிட்டு எப்படி நிக்கறதுன்னு இனிமேதான் பார்க்கணும்."

உட்கார்ந்துவிட்டார். ஏழு நிமிடம். முதல் தாள் எவ்வளவு நேரமோ அவ்வளவேதான். ஒரு கைக்குட்டையும் வெளியே வரவில்லை. நாற்காலிக் கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் மணியைப் பார்த்தேன். மீதிப் பதின்மூன்று நிமிடத்தை என்ன செய்வதென்று எங்கள் விதிகளில் இல்லை. யாரும் எழவில்லை, யாரும் இருமவில்லை. பதினெட்டிலும் இருபதிலும் நான் தட்டவே இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு குழாய் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு நின்றது.

பாவசங்கீர்த்தனத்துக்கு அன்றைக்குப் பெரிய கியூ இல்லை. நாலு பேர். அதில் ஒருவர் நாற்காலிக் கடைக்காரர், ஒருவன் நான்.

இதை எழுதப் போகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்டேன். ஒருமுறை சூடு பட்டவன். இரண்டு நிபந்தனை போட்டாள். மழை பெய்யக் கூடாது, அவள் எந்த இடத்திலும் அழக் கூடாது. எழுதி முடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பல் டாக்டரின் மேசையில் வைத்து, நோயாளிகள் காத்திருக்க, நிதானமாக வாசித்தாள். என் பேனாவையே வாங்கி ஒரு வாக்கியத்தை அடித்தாள். அது அழகான வாக்கியம்தான். போகட்டும்.

அந்த மூணு நாள், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முடிந்தது. குடும்பங்கள் வந்தன, கட்டிப்பிடித்தார்கள், நான் கூடத்து வாசலில் நின்று கடிகாரங்களைத் திருப்பிக் கொடுத்தேன். நாற்காலிகளை வண்டியில் ஏற்றினார்கள். கட்டிடம் காலியானது. பையை உதறியபோது அடியில் ஒரு கடிகாரம் மிச்சம் இருந்தது. கறுத்த தோல் வார், கிரீஸ் படிந்த கண்ணாடி. யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.

அவரைத் தேடிச் சமையலறைக்குப் போனேன். மற்ற பெண்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். மகள் மட்டும், பாவாடையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, பெரிய அண்டாவைச் சாய்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது. அப்பா எங்கே என்றேன்.

"வெளியே கேட்டுல நிக்கச் சொல்லியிருக்கேன். வரேன்னு சொன்னேன்." ஆறு மாதத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் காரியம் அதுதான் என்பது எனக்குத் தெரியும். எப்போது சொன்னாய் என்று கேட்டேன். நாலு மணிக்கு என்றாள். சொல்லிவிட்டுப் புதிதாகச் சாம்பலை அள்ளி அண்டாவில் போட்டாள்.

வெளியே வந்தேன். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. சாய்ந்த வெயில் கேட்டின் கம்பிகள் வழியாக அவர் முகத்தில் கோடு கோடாக விழுந்திருந்தது. பக்கத்தில் ஒரு மரம் இருந்தது, அதன் நிழலில் ஒரு கல் பெஞ்சும் இருந்தது. அவர் அங்கே போகவில்லை. கேட்டை ஒட்டி, இரண்டு கையும் தொங்க, சமையலறைப் பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், "இன்னும் வேலை முடியலை போல" என்றார்.

நான் கடிகாரத்தை நீட்டினேன். ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. அவர் அதை முள் தெரியாதபடி கவிழ்த்து வாங்கி, சட்டைப் பையில் ஜெபமாலைக்கு அடியில் தள்ளி, பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.